பால்புட்டி அறை

குத்தாயிசி சந்தைக்குப் பின்னால்
எல்குஜாவின் கடை.
மேசைமேல் ஐந்து லென்ஸ்களை நிறுத்தினேன்,
ஐந்தும் கம்பளிக் காலுறைகளுக்குள் இருந்து வந்தவை.
அவர் சிரிக்கவில்லை.
"காலுறை நல்லதுதான்" என்றார்,
"ஜிப் இல்லை, அவ்வளவுதான்."

முதலில் முதுகுப்பை.
நுரைத்தடுப்புகளைப் பிய்த்து ஒட்டி, பிய்த்து ஒட்டி
ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை கட்டினார்.
எல்லாம் குடியேறின.
எழுபது–இருநூறு மட்டும்
கல்யாணத்துக்கு வந்து கோபித்துக்கொண்ட மாமனைப்போல்
உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை.
அதோடு, லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால்
பையைக் கழற்றித் தரையில் கிடத்த வேண்டும்.
நான் போகிற உஷ்குலியில்
ஜூன் மாதத்துத் தரை என்பது
பாதி சேறு, பாதி சாணி.

தோள்பையை மாட்டிக் கடைக்குள் மூன்று சுற்று நடந்தேன்.
கண்ணாடியில் பார்த்தால்
புளி நிறுத்த தராசு.

சக்கரப்பெட்டி விமானத்துக்கு நல்லது என்றார்.
நான் போவது மார்ஷ்ருத்காவில்,
பதினெட்டுப் பேர் ஏறினால் கிளம்பும் வேனில்.

மழை புகாத கறுப்புப் பை ஒன்று இருந்தது.
அதன் நெற்றியில் கேமரா கம்பெனியின் பெயர்
கை நீளத்துக்கு வெள்ளை எழுத்தில்,
திருடனுக்கு அடித்த பத்திரிகை.
நானூற்று இருபது லாரி.
யானை வாங்கியவள் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா?
பேசினேன், அரைமணி நேரம்.
யானைக்கே இன்னும் ஏழு தவணை பாக்கி.

அக்கா மக்வாலா எதையும் முழுதாய்க் கேட்கமாட்டாள்.
நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே
பால்கனிக்குப் போய்
குளிர்கால டயர்களுக்குப் பின்னிருந்து
எதையோ இழுத்துக்கொண்டு வந்தாள்.
வெளிர்மஞ்சள். பக்கவாட்டில் ஒரு வாத்து.
ஷியோ கைக்குழந்தையாய் இருந்தபோது வாங்கிய பை.
இப்போது அவனுக்கு முன்பற்கள் விழுந்தாயிற்று.

"உனக்குப் பைத்தியமா?"

பதில் சொல்லாமல் எழுபது–இருநூறை எடுத்து
பால்புட்டி அறைக்குள் இறக்கினாள்.
வெள்ளித்தாள் உறைக்குள்
கழுத்துவரை இறங்கி நின்றது மாமன்.
மாற்றுத்துணி இடத்தில் கேமரா.
கஞ்சிக்கிண்ணக் குழியில் ஐம்பது.
கிலுகிலுப்பை வலையில் எண்பத்தைந்து.
துடைக்கும் தாள் அறையில் அகலக்கோணம்.
மேக்ரோ மட்டும் காலுறையோடு ஒரு மூலையில்.

தோளில் இருந்தபடியே
ஒரு கையால் திறந்து பார்த்தேன்.
திறந்தது, மூடியது.
இன்னொரு கை எப்போதும் காலியாக இருக்காது
என்று தெரிந்த யாரோ தைத்த பை.

ஓட்டுநர் எல்லாருடைய மூட்டைகளையும்
கூரைமேல் எறிந்தார்.
வாத்தைப் பார்த்ததும்
இரண்டு கைகளாலும் என்னிடமே திருப்பித் தந்து
முன் இருக்கையைக் காட்டினார்.
குழந்தை எங்கே என்று அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

சுக்திதியில் ஒருத்தி ஏறினாள்.
மடியில் வீறிட்டுக்கொண்டு ஒரு சிவந்த முகம்.
அணைக்கட்டு தாண்டுவதற்குள்
வாசனை வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது.
அவள் என் பையைப் பார்த்தாள்.
"ஒரு டயப்பர் இருக்குமா, சகோதரி?
என் பை கூரைமேல் போய்விட்டது."

திறந்து காட்டினேன், வேறு வழியில்லை.
ஐந்து கண்ணாடிக் கண்கள்.
நாலுதான்; ஒன்று காலுறைக்குள்.
அவள் ஒரு லென்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
எனக்கு முகம் சுட்டது.
எதையாவது செய்ய வேண்டுமே என்று
பின்பக்கத்தில், நான் திறந்தே பார்க்காத
ஒல்லியான ஜிப்பை இழுத்தேன்.

மடிப்புக் கலையாமல் ஒன்று இருந்தது.
ஆறு வருடம் பழையது.
அளவு சரி.

மேக்ரோ அந்த இடத்துக்கு மாறியது.

திரும்பி வந்ததும் மக்வாலா கேட்டாள்:
"அதைப் படம் எடுத்தாயா?"
இல்லை.
அவள் பழைய துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்,
வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது,
என் இரண்டு கைகளிலும்
குழந்தை இருந்தது.